எபோலிக்கு அப்பால்: கார்லோ லெவியின் வாழ்வும் தொண்டும்

மருத்துவம், எழுத்து, ஓவியம், அரசியல் ஆகிய நான்கு துறைகளுள் ஒன்றில் பெயர் பெறுவதே அரிது. நான்கிலும் நிலைத்த தடம் பதித்தவர் உலக வரலாற்றில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் இத்தாலி நாட்டுக் கார்லோ லெவி. ஆயினும், பல துறை வல்லுநர் என்னும் ஒரு காரணம் பற்றி மட்டும் நாம் அவரை ஈண்டு நினைவுகூர முற்படவில்லை. தண்டனையாக அனுப்பப்பட்ட ஓர் ஏழைச் சிற்றூரைத் தம் வாழ்நாள் கடமைக்குரிய ஊராக ஏற்றுக்கொண்டு, முடிவில் அவ்வூர் மண்ணிலேயே அடக்கம் பெற்றவர் அவர். கற்றவர் தம் கல்வியால் யாருக்குக் கடன்பட்டவர் என்னும் வினாவிற்கு அவருடைய வாழ்க்கை ஒரு விடையாக அமைந்திருக்கிறது. அவ்விடையை அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

கார்லோ லெவி 1902ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், வட இத்தாலியின் தொழில் நகரமாகிய டூரினில், வசதி படைத்த யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய தாய்மாமன் கிளாடியோ டிரெவெஸ் இத்தாலிய சோசலிசத் தலைவர்களுள் ஒருவர். 1915இல் முசோலினியுடன் வாட்போர் புரிந்தவர். எனவே அரசியல் என்பது லெவிக்கு ஏட்டில் படித்தறிந்த பொருள் அன்று. வீட்டுத் திண்ணையிலேயே கேட்டு வளர்ந்த பொருள் எனலாம்.

டூரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1924இல் பட்டம் பெற்றார். பின்னர் 1928 வரை அப்பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் உதவியாளராகப் பணியாற்றினார். நல்ல மருத்துவராக உயர்வதற்குரிய வாயில்கள் யாவும் அவருக்குத் திறந்தே இருந்தன. ஆனால் அவருடைய உள்ளத்தை வேறு இரண்டு ஈடுபாடுகள் ஈர்த்துக்கொண்டிருந்தன. ஒன்று ஓவியம்; மற்றொன்று விடுதலை வேட்கை. ஆகவே மருத்துவத் தொழிலை அவர் கைவிட்டார். கைவிட்ட அந்தக் கல்வி தம்மைத் தேடி வரும் என்பதை அன்று அவர் எண்ணியிருக்க இயலாது.

தூரிகையும் போராட்டமும்

மாணவப் பருவத்திலேயே பியரோ கொபெட்டி என்னும் இளம் சிந்தனையாளருடன் லெவிக்கு நட்பு உண்டாயிற்று. கொபெட்டி 1922இல் தொடங்கிய வார இதழில் லெவி எழுதலானார். அதே 1922இன் அக்டோபர்த் திங்களில் முசோலினி ஆட்சியைக் கைப்பற்றினார். ஆட்சியாளரின் அடக்குமுறைக்கும் அடியாட்களின் தாக்குதலுக்கும் ஆளான கொபெட்டி நாட்டை விட்டு வெளியேறி, 1926இல் பாரிசு நகரில் இருபத்து நான்காம் வயதிலேயே உயிர் நீத்தார். நண்பரின் மறைவு லெவியை அஞ்சி ஒதுங்கச் செய்யவில்லை. முன்னிலும் உறுதி கொள்ளச் செய்தது.

ஓவியத் துறையிலும் அவர் விரைந்து வளர்ந்தார். 1924இலேயே வெனிசு நகரின் புகழ்பெற்ற கலைக்காட்சியில் அவருடைய ஓவியம் இடம்பெற்றது. 1929இல் டூரின் நகரின் ஓவியர் அறுவர் ஒரு குழுவாக இணைந்து தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தனர். அவ்வறுவருள் லெவியும் ஒருவர். அரசு விரும்பிய படாடோபக் கலையை ஏற்காமல், பாரிசு நகரின் புதிய ஓவிய நெறிகளை உள்வாங்கி வரைந்தமையால், அக்குழுவின் ஓவியங்களே ஒருவகை எதிர்ப்புக் குரலாக அமைந்தன.

அதே 1929இல் கார்லோ ரொசெல்லி முதலானோர் பாரிசில் நீதியும் விடுதலையும் என்னும் பெயரில் பாசிச எதிர்ப்பு இயக்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். டூரினில் அவ்வியக்கத்தை நடத்தியவர்களுள் லெவியும் லியோன் கின்ஸ்பர்க்கும் முதன்மையானவர்கள். இதன் விளைவாக 1934 மார்ச்சில் லெவி கைது செய்யப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். 1935 மே திங்களில் மீண்டும் கைதாகி ரோம் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். அதன்பின் தென் இத்தாலியின் லுக்கானியாப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டார். இன்று பசிலிக்காத்தா என்று வழங்கும் மாநிலமே அது.

அக்காலத்தில் எதிர்ப்பாளர்களைத் தொலைவிலுள்ள தீவுகளிலும் மலையூர்களிலும் காவலில் வைப்பது பாசிச ஆட்சியின் வழக்கம். சிறைக்கதவு இல்லை, ஆனால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடிதங்கள் தணிக்கைக்கு உட்படும். ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்று நாள்தோறும் கையொப்பமிட வேண்டும். பேசுவதற்கு ஆளின்றி அறிவு மழுங்கிப் போகட்டும் என்பதே அத்தண்டனையின் உட்கருத்து.

அலியானோவில் ஒரு கைதி

முதலில் கிராசானோ என்னும் ஊரில் தங்கவைக்கப்பட்ட லெவி, 1935 செப்டம்பரில் அலியானோவுக்கு மாற்றப்பட்டார். வெண்ணிறக் களிமண் குன்றுகளின் நடுவே, இருபுறமும் பள்ளங்கள் சூழ்ந்த மேட்டில் அமைந்த சிற்றூர் அது. ஊரில் வாழ்வோர் 1,200 பேர் என்றும், அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்றுவிட்ட அவ்வூரார் 2,000 பேர் என்றும் லெவி தம் நூலில் குறிப்பிடுகின்றார். ஊரின் வறுமையை உணர்த்த வேறு சான்று வேண்டுவதில்லை. உழவர்கள் விடியுமுன் எழுந்து, மணிக்கணக்கில் நடந்து, மலேரியாக் கொசுக்கள் நிறைந்த பள்ளத்தாக்கு வயல்களுக்குச் சென்று, இருட்டிய பின் திரும்பினர். பயிரை ஆடுகள் மேய்ந்துவிடும் என்று கூறி அரசு ஆட்டுவரி விதித்தது. காக்கத்தக்க பயிர் இல்லாத அவ்வூரில் வரி கட்ட இயலாத ஏழைகள் தம் ஆடுகளையே கொல்ல நேர்ந்தது. பாலும் பாலாடைக்கட்டியும் அவர்தம் உணவிலிருந்து மறைந்தன.

அம்மக்களுக்கு அரசு என்பது ஆலங்கட்டி மழையையும் நிலச்சரிவையும் போன்றதொரு துன்பமே. அது வரும், அழிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்தம் வீடுகளில் மன்னர் படமும் இல்லை. முசோலினி படமும் இல்லை. ஒருபுறம் விஜ்ஜானோ ஊர்க் கன்னி மரியாளின் படமும், மறுபுறம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டின் படமும் தொங்கியதை லெவி கண்டார். 1935 அக்டோபரில் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது வானொலி முழங்கியது; உழவர்களோ அதனைத் தங்களுக்குத் தொடர்பற்ற மேலிடத்து அலுவலாகவே கருதினர்.

மக்கள் மீட்டெடுத்த மருத்துவர்

லெவி அலியானோவுக்கு வந்து சேர்ந்த சிறிது நேரத்திலேயே உழவர் சிலர் அவரைத் தேடி வந்தனர். வந்திருப்பவர் மருத்துவர் என்னும் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. கொடிய மலேரியாவால் உயிருக்குப் போராடிய ஒருவரைப் பார்க்குமாறு அவர்கள் மன்றாடினர். லெவி தயங்கினார். மருத்துவத்தைக் கைவிட்டு ஆண்டுகள் பல கடந்துவிட்டன, கையில் கருவி இல்லை, மருந்தும் இல்லை. அவர் சென்று பார்த்தபோது நோயாளி காப்பாற்ற இயலாத நிலையில் இருந்தார். அன்றே இறந்தும் போனார். எனினும் மக்கள் அவரை விடவில்லை. அவ்வூரில் இருந்த மருத்துவர் இருவர் மீதும் அவர்களுக்கு நம்பிக்கை அற்றுப் போயிருந்தது. மறுநாள் முதல் தாய்மார்கள் குழந்தைகளை ஏந்திக்கொண்டு அவர் வாயிலில் நின்றனர்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் தமக்கு விருப்பமில்லை என்று விட்டுவிட்ட கல்வியைப் பிறர் வந்து கேட்டால், இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? லெவி இல்லை என்று சொல்லவில்லை. மறந்த பாடங்களை நினைவிற்குக் கொண்டுவந்தார். மலேரியாவுக்குக் குயினா மருந்தும், காயங்களுக்குக் கட்டும், எல்லாவற்றிற்கும் மேலாகக் கனிந்த சொல்லும் வழங்கினார். ஊர் மருந்துக் கடையின் குயினாவில் கலப்படம் உள்ளது என்னும் ஐயம் மக்களிடையே இருந்தது. அதிகாரிகளின் புறக்கணிப்பும், எளிதில் தடுக்கத்தக்க நோயால் மக்கள் மடியும் கொடுமையும் அரசியல் நூல்கள் கற்பிக்காத பாடங்களை அவருக்குக் கற்பித்தன.

சில மாதங்களில் மேலிடத்து ஆணை ஒன்று வந்தது. கைதியாகிய லெவி மருத்துவம் பார்க்கக் கூடாது என்பதே அது. அவ்வேளையில் ஊருக்கு வெளியே குடியிருந்த உழவர் ஒருவருக்கு வயிற்றில் கடும் நோய் கண்டது. எல்லை தாண்டிச் செல்ல அனுமதி பெறுவதற்குள் காலம் கடந்தது, அவ்வுழவர் உயிரிழந்தார். ஊர் கொதித்தெழுந்தது. கோடரியும் துப்பாக்கியும் எடுக்கத் துணிந்தவர்களை லெவியே அமைதிப்படுத்தினார். பின்னர் மக்கள் தம் சினத்தை நாடகமாக்கினர். நோயாளியைக் காக்க வரும் வெள்ளுடை மருத்துவர் ஒருவர்; அவரைத் தடுத்து நோயாளியைச் சாகடிக்கும் கருப்புடை மருத்துவர் ஒருவர். எழுத்தறிவற்றோர் என்று இகழப்பட்ட உழவர்கள் தெருவில் நடித்துக் காட்டிய அந்நாடகம், ஆட்சியாளர்க்கு எதிராக அவர்கள் விடுத்த கூர்மையான கண்டனம் ஆகும். அதன்பின் அதிகாரிகள் கண்டும் காணாதது போல் இருக்க, லெவி தம் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார்.

மாத்தேராவின் குகைகள்

லெவியைக் காண அவருடைய தமக்கை லூயிசா டூரினிலிருந்து வந்தார். அவரும் ஒரு மருத்துவர். வழியில் மாத்தேரா நகரில் இறங்கி, அனுமதி பெறவும், தம்பிக்கு ஓர் இதயத்துடிப்பு அறியும் கருவி வாங்கவும் முயன்றபோது, அந்நகரின் சாசி என்னும் குகைக் குடியிருப்புகளை அவர் கண்டார். பாறையைக் குடைந்த குகைகளில் மனிதரும் விலங்குகளும் ஒன்றாக வாழ்ந்தனர். குழந்தைகளின் கண்களைக் கண்ணோயும் உடலை மலேரியாவும் அரித்திருந்தன. தம்மைப் பின்தொடர்ந்து வந்த சிறுவர்கள் காசோ தின்பண்டமோ கேட்பார்கள் என்று அவர் எண்ணினார். அவர்கள் கேட்டதோ குயினா மருந்து. தமக்கை கூறிய இச்செய்தியை லெவி பின்னாளில் தம் நூலில் எழுதினார். அப்பகுதியைப் படிக்கும் எவரும் நெஞ்சம் கலங்காதிருக்க இயலாது.

விடுதலையும் தலைமறைவும்

1936 மே திங்களில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. அவ்வெற்றியைக் கொண்டாடும் வகையில் அரசியல் கைதிகள் பலருக்குப் பொதுமன்னிப்பு அளிக்கப்பட்டது. மூன்றாண்டுத் தண்டனை பெற்றிருந்த லெவியும் விடுவிக்கப்பட்டார். வேறொரு மக்களின் அடிமைத்தனம் தமக்கு விடுதலையைத் தந்த முரண்பாடு அவருக்கு உறுத்தலாகவே இருந்திருக்கும். பிற கைதிகள் விரைந்து புறப்பட, அவரோ மேலும் சில நாட்கள் அங்கேயே தங்கினார். திரும்பி வருவேன் என்று மக்களுக்கு வாக்களித்த பின்னரே பிரிந்தார்.

அதன்பின் ஐரோப்பாவை இருள் சூழ்ந்தது. 1937இல் ரொசெல்லி பிரான்சில் படுகொலை செய்யப்பட்டார். 1938இல் இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிரான்சு சென்ற லெவி, அங்கு 1939இல் விடுதலையைக் கண்டு மனிதன் அஞ்சுவது ஏன் என்பதை ஆராயும் நூலொன்றை எழுதினார். அது 1946இல் வெளிவந்தது. பின்னர் இத்தாலிக்குத் திரும்பி, 1943இல் மீண்டும் கைதாகி, முசோலினி வீழ்ந்தவுடன் விடுதலை பெற்றார். ஆனால் அடுத்த சில வாரங்களில் செருமானியப் படை நாட்டைக் கைப்பற்றியது. யூதராகவும் எதிர்ப்பாளராகவும் இருந்த லெவிக்குப் பிடிபடுதல் என்பது இறப்பே ஆகும். அவருடைய தோழர் கின்ஸ்பர்க் 1944 பிப்ரவரியில் ரோம் நகரச் சிறையில் சித்திரவதைக்குப் பின் உயிரிழந்தார்.

அந்நாட்களில் புளோரன்சு நகரில், பிட்டி அரண்மனைக்கு எதிரேயுள்ள வீடு ஒன்றில் லெவி மறைந்து வாழ்ந்தார். அங்குதான் 1943 டிசம்பர் முதல் 1944 ஜூலை வரை 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்னும் நூலை எழுதி முடித்தார். சாவு வாயிலில் காத்திருந்த வேளையில் அவர் எழுதியது தம்முடைய துன்பத்தை அன்று; எட்டாண்டுகளுக்கு முன் தாம் பிரிந்து வந்த உழவர்களின் துன்பத்தை. இதுவே அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று.

நூலும் அதன் தாக்கமும்

1945இல் டூரினின் எய்னாவுதி பதிப்பகம் அந்நூலை வெளியிட்டது. தலைப்பின் பொருளை நாம் அறிந்துகொள்வது நலம். எபோலி என்பது தென் இத்தாலியில், கடற்கரையை விட்டுச் சாலையும் இருப்புப்பாதையும் உள்நாட்டை நோக்கித் திரும்பும் இடத்திலுள்ள ஊர். அப்பகுதி உழவர் வழக்கில் கிறித்தவர் என்னும் சொல்லுக்கு மனிதர் என்பதே பொருள். எபோலியைத் தாண்டிக் கிறிஸ்து வரவில்லை என்று அவர்கள் கூறும்போது, தங்களை எவரும் மனிதராக மதிக்கவில்லை என்றே முறையிடுகின்றனர். சமயச் செய்தியன்று அது, மானுட முறையீடு.

நாவல், தன்வரலாறு, சமூக ஆய்வு, ஓவியம் ஆகிய யாவும் கலந்த புதுவகைப் படைப்பாக அந்நூல் அமைந்தது. 1947இல் ஆங்கிலத்திலும், தொடர்ந்து பல மொழிகளிலும் வெளிவந்தது. தெற்கின் சிக்கலை மேலிருந்து அரசு அருளும் உதவி தீர்க்காது, உழவர்கள் தம்மைத் தாமே ஆளும் ஊராட்சிகள் வேண்டும் என்பதே அதன் முடிவுரை. அந்நூலைக் குறை கூறியவர்களும் உண்டு. உழவர்களை வரலாற்றுக்கு வெளியே நிற்கும் மாறாத மாந்தராக லெவி காட்டிவிட்டார் என்றும், அவர்களும் போராட வல்லவர் என்பதை மறந்தார் என்றும் இடதுசாரித் திறனாய்வாளர் சிலர் எழுதினர். இக்குறை முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் தெருநாடகம் நடத்திய உழவர்களை நமக்குக் காட்டியவரும் அவரே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

மாத்தேராவின் குகைகள் நாட்டின் மனச்சான்றை உறுத்தலாயின. 1952இல் இத்தாலிய அரசு தனிச்சட்டம் இயற்றி, ஏறத்தாழ 15,000 மக்களைக் குகைகளிலிருந்து புதிய வீடுகளுக்கு மாற்றத் தொடங்கியது. அம்மாற்றத்திற்குப் பலர் உழைத்தனர்; அவர்களுள் லெவியின் எழுதுகோலுக்கும் ஓர் இடம் உண்டு. மலேரியாவும் அந்நாட்டிலிருந்து அகன்றது. அக்குகைப் பகுதி 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

மக்கள் மன்றத்தில்

போருக்குப் பின் லெவி ரோமில் செயல் கட்சியின் நாளிதழுக்கு ஆசிரியரானார். 1946இல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் லுக்கானியாவில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். ஆனால் அக்காலத்தில் அவருக்கு ஓர் அரிய நட்பு வாய்த்தது. திரிக்காரிக்கோ ஊரின் இளம் நகரத் தலைவரும் கவிஞருமான ரோக்கோ ஸ்கொத்தெல்லாரோவே அந்நண்பர். 1953இல் முப்பதாம் வயதில் ஸ்கொத்தெல்லாரோ மறைந்தபோது, அவருடைய கவிதைகளைத் தொகுத்து 1954இல் உலகிற்கு அளித்தவர் லெவி. இத்தாலி ஒன்றுபட்ட நூற்றாண்டு விழாவிற்காக 1961இல் 'லுக்கானியா 61' என்னும் பெரும் ஓவியத்தை அவர் வரைந்தார். பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீண்ட அவ்வோவியத்தில் அரசர்களோ தளபதிகளோ இல்லை. ஸ்கொத்தெல்லாரோவும், அவர்பொருட்டு அழும் பெண்களும், உழவர்களும், குழந்தைகளும் உள்ளனர். அது இன்று மாத்தேராவில் உள்ளது.

1955இல் வெளிவந்த 'சொற்கள் கற்கள்' என்னும் நூலில் சிசிலித் தீவின் உழைப்பாளர் நிலையை எழுதினார். நிலமற்றோருக்காகப் போராடி அவ்வாண்டு மாஃபியாவால் கொல்லப்பட்ட சல்வத்தோரே கர்னெவாலேயின் தாய், அஞ்சாது நீதி கேட்டதை அந்நூல் பதிவு செய்கிறது. 1956இல் அதற்கு வியரெஜ்ஜோ பரிசு கிடைத்தது.

1963இல் பொதுவுடைமைக் கட்சியின் பட்டியலில் சுயேச்சையாக நின்று லெவி செனட் உறுப்பினரானார். 1968இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு 1972 வரை பணியாற்றினார். பிழைப்புத் தேடி வெளிநாடு சென்ற தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பங்களுக்குமான கூட்டமைப்பை 1967இல் தோற்றுவித்து, அதன் தலைவராக விளங்கினார். ஊரில் இருப்போரினும் கடல் கடந்தோர் மிகுதியாக இருந்த அலியானோவை அவர் மறக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இறுதிக் காலம்

1973இல் லெவியின் விழித்திரை பழுதுற்று, அறுவை மருத்துவத்தின்பொருட்டுச் சில காலம் அவர் பார்வையின்றிக் கிடக்க நேர்ந்தது. கண்ணையே கருவியாகக் கொண்ட ஓவியர்க்கு இதனினும் பெரிய சோதனை வேறில்லை. ஆனால் அவர் ஓயவில்லை. வரிகள் தவறாமலிருக்க நூல்கள் கட்டிய மரச்சட்டம் ஒன்றைத் தாளின்மேல் வைத்து, தடவித் தடவி எழுதினார், வரையவும் செய்தார். அவ்வெழுத்துகள் அவர் மறைவிற்குப் பின் 1979இல் நூலாயின. அவ்வாண்டிலேயே இயக்குநர் பிரான்செஸ்கோ ரோசி எபோலி நூலைத் திரைப்படமாக்கினார்.

1975ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் லெவி ரோமில் காலமானார். அகவை எழுபத்திரண்டு. அவருடைய உடல் டூரினுக்குக் கொண்டு செல்லப்படவில்லை. ரோமிலும் அடக்கம் செய்யப்படவில்லை. அலியானோவிற்கே எடுத்துச் செல்லப்பட்டது. கைதியாக இருந்த நாளில் அவ்வூரின் கல்லறைத் தோட்டமே அவருக்கு விதிக்கப்பட்டிருந்த எல்லை. வெயிலுக்கு ஒதுங்கி, புதிதாகத் தோண்டிய குழிகளில் படுத்து அவர் வானத்தைப் பார்த்ததுண்டு. அரசு வகுத்த எல்லையையே அவர் தம் நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டார். திரும்பி வருவேன் என்ற வாக்கும் நிறைவேறிற்று.

லெவியை அலியானோவுக்கு அனுப்பியவர்கள் ஒரு குரலை அடக்குவதாக எண்ணினர். ஆனால் அவ்வூர் அவருக்கு ஒரு குரலை அளித்தது. அங்கே மருத்துவம் அவருக்குத் தொழிலாக இராமல் கடமையாயிற்று. ஓவியம் மக்களின் முகங்களைக் கண்டுகொண்டது. எழுத்து அவர்தம் துயருக்குச் சான்றாயிற்று. அரசியல் அச்சான்றை மன்றம் வரை கொண்டு சென்றது. நான்கு துறைகளும் ஒரே பணியின் நான்கு கைகளாக இயங்கின. பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் ஒவ்வொருவருக்கும் எங்கோ ஓர் அலியானோ காத்திருக்கிறது. அது நம் வாயிலில் வந்து நின்று நாம் கற்றதைக் கேட்கும் நாளில், இல்லை என்று சொல்லாத உள்ளம் நமக்கு வாய்க்குமாயின், நாம் பெற்ற கல்வி பயனுடையதாகும்.